காணாமல் போன வெள்ளிக்கிழமைகள்

“சனிக்கிழமை இருக்கு அக்கா. வெள்ளிக்கிழமையைத்தான் காணோம்.”

“நல்லாப் பாரு. ரெண்டு தாள் ஒட்டிக்கிட்டு இருக்கும்.”

“எச்சில் தொட்டே பாத்துட்டேன். இன்னைக்கு புதன், பதினஞ்சு. அடியில வியாழன், பதினாறு. அதுக்கு அடியில நேரா பதினெட்டு. உலகம் அழியப்போற நாளை மட்டும் யாரோ பத்திரமா கிழிச்சு எடுத்துட்டுப் போயிருக்காங்க.”

சுவரில் தொங்கிய தினசரி காலண்டரை விட்டுவிட்டு நகர்ந்தான் கொசு. வீட்டில் வைத்த பெயர் வேறுதான். ஆனால் காதருகே ஓயாமல் எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பவனுக்கு வேறு பெயர் நிலைக்கவில்லை. அவன் ‘அக்கா’ என்று கூப்பிட்டது, தான் உதவியாளனாக வேலை செய்யும் துப்பறிவாளரை. இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் பொய்க் கோரிக்கைகளைத் தேடிப் பிடித்து, முழங்கால் தேய்ந்த பிறகு வெளியே வந்து, சொந்தமாக ஒரு பலகை மாட்டியவர். அவரைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அவரை அக்கா என்றே அழைத்தார்கள். அவர் மறுப்பதில்லை. மறுப்பதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி கொசுவின் பேச்சுக்குச் சிரிக்கவில்லை. பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பாளர் அவர். ஒன்பது நாளாக விடுப்பில் இருந்தார். ஒன்பது நாளாக அவருடைய கணவரைக் காணவில்லை. கணவர், தினசரி காலண்டர் போடும் ஓர் அச்சகத்தில் பக்க வடிவமைப்பாளர். காவல் நிலையத்தில், வளர்ந்த ஆள் தானாகப் போனால் தானாக வருவார் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நேற்று அவருடைய சட்டைகளைத் துவைக்க எடுத்தபோது ஒரு பையில் துண்டறிக்கை கிடைத்தது. அதன் பிறகுதான் அக்காவைத் தேடி ஃபோன் வந்தது.

துண்டறிக்கையின் நடுவில் நாக்கை நீட்டிய முகம் செதுக்கிய வட்டக்கல். கீழே ஒரு தேதியும் இரண்டு வாக்கியங்களும்: ‘பதினேழாம் தேதி, வெள்ளி. பண்டைய மாயா மக்களின் நாட்காட்டி இன்றோடு முடிகிறது. இதற்குப் பிறகு அவர்கள் ஒரு நாளைக்கூட எண்ணி வைக்கவில்லை.’ அதற்கும் கீழே ஒரு கூடத்தின் விலாசம்.

“இன்னும் ரெண்டு நாள்தான் மேடம் இருக்கு,” என்றார் மனைவி. “இவர் இதை நம்பிட்டார்னா, வெள்ளிக்கிழமை அந்தக் கூட்டத்தோட சேர்ந்து என்ன பண்ணிக்குவாரோ. எனக்கு இவர் முழுசா வேணும். வேற ஒண்ணும் வேண்டாம்.”

அக்கா சில கேள்விகள் கேட்டார். சண்டை எதுவும் இல்லை. குடிப்பழக்கம் இல்லை. படிப்பார், நிறையப் படிப்பார். படித்தே ஆக வேண்டும். ஒவ்வொரு தேதித் தாளின் அடியிலும் ‘தெரியுமா உங்களுக்கு?’ என்று ஒரு வரி வரும். வருடத்துக்கு முன்னூற்று அறுபத்தைந்து வரிகள், பதினொரு வருடமாக அவர் எழுதியவை. சாப்பிடும்போது திமிங்கிலத்தின் இதயத் துடிப்பைப் பற்றிச் சொல்லுவார் என்றார் மனைவி.

மேசையில் அவருடைய நோட்டு இருந்தது. அக்கா அதை நின்றபடியே புரட்ட ஆரம்பித்து, முழங்கால் சொன்னதைக் கேட்டு உட்கார்ந்தார். ஒரு பக்கத்தில் அதே வட்டக்கல்லின் படம் ஒட்டியிருந்தது. பக்கத்தில் சிறிய, சீரான கையெழுத்து: ‘இது மாயா மக்களுடையது அல்ல. பல நூறு வருடம் கழித்து, வேறு நகரத்தில், ஆஸ்டெக் மக்கள் செதுக்கியது. எல்லோரும் செய்யும் தவறு.’ அடுத்த பக்கத்தில் கணக்கு. இருபது நாள் ஒரு கட்டு. பதினெட்டுக் கட்டு ஓர் ஆண்டு. இருபது ஆண்டு, பிறகு அதைப்போல் இருபது. அதுதான் பெரிய சுற்று. பதின்மூன்றாவது பெரிய சுற்று 2012 டிசம்பரில் நிறைந்தது. அதன் கீழே அடிக்கோடிட்டு: ‘முடியவில்லை. மறுபடி முதலிலிருந்து எண்ணிக்கை.’

கொசு தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். “என் ஸ்கூட்டர் மீட்டர்கூட போன வருஷம் ஒன்பது ஒன்பதா போய் எல்லாம் பூஜ்யமா திரும்புச்சு. நான் உயிரோடதான் இருக்கேன். ஸ்கூட்டரும் இருக்கு. அதை உயிரோடன்னு சொல்ல முடியாது, ஆனா இருக்கு.”

“இதை எழுதின ஆளு அதை நம்ப மாட்டார்,” என்றார் அக்கா. மனைவியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அது நிலைக்கும் முன்பே அக்கா நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

அங்கே பதினொரு வரிகள், வருடத்துக்கு ஒன்று. ‘ஒட்டகச்சிவிங்கிக்கு இரண்டு நாக்கு – மார்ச் 9 – விழுந்தது.’ ‘ஆந்தை முட்டை சதுரம் – ஆகஸ்ட் 2 – விழவில்லை.’ ‘வெங்காயம் பாட்டுக் கேட்டால் வளரும் – விழுந்தது.’ கடைசி வரி: ‘மாயா – 17 வெள்ளி – விழுந்தது.’ இந்த ‘விழுந்தது’ மட்டும் தாள் கிழியும் அளவுக்கு அடித்து அடித்துக் கறுப்பாகியிருந்தது.

என்னவென்று மனைவிக்குத் தெரியவில்லை. சதுர முட்டை போடும் ஆந்தைக்காகத் தான் வருத்தப்படுவதாகக் கொசு சொன்னான்.

கீழே தெருவில் மருந்துக் கடை, முடி திருத்தும் கடை, ஜெராக்ஸ் கடை. மூன்றிலும் கொசு காலண்டரைத் தூக்கிப் பார்த்தான். மூன்றிலும் வெள்ளிக்கிழமை இல்லை. மூன்றும் வேறொரு பெரிய அச்சகத்தின் காலண்டர்கள். மருந்துக் கடைக்காரர் சலித்துக்கொண்டார்: போன வாரம் மாடி வீட்டு சார்தான் வந்து கிழித்தார், அச்சுப் பிழை, நல்ல தாள் கொண்டுவந்து ஒட்டுகிறேன் என்றார், இன்னும் வரவில்லை.

“இத்தனை நாள் என்ன கிழிச்சேன்னு யாராவது கேட்டா, இவர் ஒருத்தர்தான் நிமிர்ந்து பதில் சொல்லலாம்,” என்றான் கொசு.

அக்கா ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்து, அச்சகத்துக்குப் போகச் சொன்னார்.

அச்சகத்தில் அடுத்த வருடம் ஓடிக்கொண்டிருந்தது. மெஷினிலிருந்து அடுத்த வருடத்து மே மாதம் கொத்துக் கொத்தாக விழுந்தது. அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லோரும் ஊரைவிட ஒரு வருடம் முன்னால் வாழ்ந்து, ஒரு வருடம் கூடுதலாகக் களைத்திருந்தார்கள். பைண்டர், பசை காய்ந்த விரல்களைத் தேய்த்துக்கொண்டே, தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். அக்கா நோட்டின் கடைசிப் பக்கத்தை அவர் முன்னால் வைத்தார். பைண்டர் ‘விழுந்தது’ என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார்.

“எலிப்பொறி,” என்றார் கடைசியில்.

பிறகு விஷயம் மெதுவாக வெளியே வந்தது. ஊரின் பெரிய அச்சகம் வருடாவருடம் இவர்களுடைய அடிவரிகளை அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்கிறது. கேட்டால், உலகத்துக்கே தெரிந்த தகவல், உனக்கு மட்டும் சொந்தமா என்கிறார்கள். அதனால் வருடத்துக்கு ஒரு பொய் வைப்பது வழக்கமாயிற்று. உலகத்தில் வேறெங்கும் இல்லாத பொய். அது அவர்கள் தாளிலும் வந்தால் எலி விழுந்துவிட்டது என்று அர்த்தம். பொய்யை எழுதுவது வடிவமைப்பாளரின் வேலை. இந்த வருடம் அவர் நிஜமான விஷயத்தை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றினார். 2012-லேயே முடிந்துபோன கதை. தேடிப் பார்க்கிற எவனும் சிரித்துவிட்டு விட்டுவிடுவான். பார்க்காமல் எடுக்கிறவன் மாட்டுவான்.

“மாட்டினான். முதலாளி எல்லாருக்கும் ஸ்வீட் வாங்கிக் குடுத்தார்,” என்றார் பைண்டர். “எங்க காலண்டர் நாப்பதாயிரம் சுவர்ல தொங்குது. அவங்களோடது ரெண்டு லட்சம். அதை யாரும் யோசிக்கல. அப்புறம் ஒரு நாள் அந்த நோட்டீஸ் வந்துச்சு. அவர் எழுதின வரி, ஒரு எழுத்து மாறல. அன்னையிலேர்ந்து மனுஷன் சரியா சாப்பிடல.”

கொசு வாயைத் திறந்தான். அக்கா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

வீட்டுக்குப் போய் என்ன சொல்வது என்று தெரியாமல் அவர் ஐந்து நாள் இங்கே பேப்பர் கட்டுகளின் மேல் படுத்திருந்தாராம். காலையில் துணிப்பையோடு கிளம்புவார்; நோட்டீஸில் இருந்த கூடத்துக்கு வருகிறவர்களின் வீடுகளைத் தேடிப் போய்த் தாளைக் கிழிப்பார்; சாயங்காலம் பையோடு வருவார். ஆனால் சனிக்கிழமையிலிருந்து இங்கும் வரவில்லை. இதைச் சொல்லும்போது பைண்டரின் குரல் தணிந்தது. மனைவியிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதே என்று கையைப் பிடித்துக்கொண்டார், என்ன செய்ய என்றார்.

கூடம், மூடிப்போன தட்டச்சுப் பள்ளியின் மாடியில் இருந்தது. ஓய்வுபெற்ற நில அளவையர் ஒருவர் தனியாக நாற்காலிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். உலகம் முடிவதை அறிவித்தவர் அவர்தான். பார்த்தால், விருந்தாளிகள் வருவதற்குள் வீட்டைப் பெருக்கி முடிக்க நினைக்கும் ஆள் போல இருந்தார்.

தேதியை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அக்கா கேட்டார். அவர் பர்ஸிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாளை எடுத்துக் காட்டினார். பெரிய அச்சகத்தின் தாள், பதினேழு, வெள்ளி.

“அச்சுலயே வந்திருக்கு பாருங்க,” என்றார். “ரெண்டாயிரத்துப் பன்னிரண்டுல சொன்னவங்க கணக்கு தப்பு. இதுதான் திருத்தினது.”

இதை எழுதியவர் இங்கு வந்தாரா என்று அக்கா கேட்டபோது அளவையர் தலையசைத்தார். ஆமாம், கூட்டத்தின் நடுவில் எழுந்து, அது பொய், நான்தான் எழுதினேன் என்று கத்தினார். பாவமாக இருந்தது. தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தோம். முடிவு நெருங்கும்போது இப்படிச் சிலர் வருவார்கள் என்று எதிர்பார்த்ததுதான்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் அவர் எதிர்பார்க்கவில்லை. வீடு வீடாக வெள்ளிக்கிழமைகள் காணாமல் போயின. நாற்பது பேராக இருந்த கூட்டம் இருநூறு பேர் ஆயிற்று.

“அந்த நாளே சுவரை விட்டுப் போயிடுச்சு, இதைவிட என்ன அடையாளம் வேணும்னு ஜனங்க கேக்குறாங்க. நான் என்ன பதில் சொல்ல?”

அக்கா கண்களை ஒரு கணம் மூடித் திறந்தார். பொய்யை அழிக்கப் போன மனிதர் கைநிறைய அதற்குச் சாட்சியம் தயாரித்துக் கொடுத்திருக்கிறார்.

கொசு, நாற்காலி ஒன்றின் முதுகில் ஒட்டியிருந்த வாடகைச் சீட்டைப் படித்தான். “திருப்பித் தர வேண்டிய நாள், பதினெட்டு, சனி. சனிக்கிழமை யார் சார் வந்து வாங்கிக்குவாங்க?”

“கடைக்காரருக்கு இதுலெல்லாம் நம்பிக்கை இல்ல,” என்றார் அளவையர். சொல்லிவிட்டு அவரே அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மனைவி போன பிறகு சாயங்காலங்களை என்ன செய்வது என்று தெரியவில்லை என்றும், நாலு பேர் கூடுவது நன்றாக இருந்தது என்றும், யாரும் கேட்காமலேயே சொன்னார்.

அக்கா அவரை அவசரப்படுத்தவில்லை. வடிவமைப்பாளர் கடைசியாக யாரைப் பற்றி விசாரித்தார் என்று மட்டும் கேட்டார். அளவையரின் பார்வை தரைக்குப் போயிற்று. ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா. சிறுநீரகம் போய்விட்டது, புதனும் சனியும் ஆஸ்பத்திரியில் மெஷினில் படுத்து ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். போன வாரக் கூட்டத்தில் எழுந்து, வெள்ளிக்கிழமையே முடியப்போகிறது, இனி நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அந்த ஆள் மட்டும் கைதட்டாமல் வெளியே வந்து விலாசம் கேட்டார்.

“நான் யாரையும் வைத்தியத்தை நிறுத்தச் சொல்லல மேடம். அதை நீங்க எழுதிக்கணும்.”

“சனி ஒண்ணு. இன்னைக்கு ஒண்ணு,” என்று அக்கா விரல் மடக்கினார். “மூணாவதும் விட்டா, வெள்ளிக்கிழமை இல்லன்னாலும் அவங்களுக்கு முடிவுதான்.” அவர் அதற்குள் படியிறங்க ஆரம்பித்திருந்தார்.

ரயில் நிலையத்தை ஒட்டிய குடியிருப்பில் மூன்றாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் அக்கா நின்றார். ஒவ்வொரு முறையும் கொசு தன் செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்து நேரம் கொடுத்தான்.

கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. உள்ளே பிளாஸ்டிக் முக்காலியில், ஒன்பது நாள் தாடியோடு, மடியில் புடைத்த துணிப்பையை அணைத்தபடி வடிவமைப்பாளர். எதிரே கட்டிலில் தலையணைகளில் சாய்ந்த ஓர் அம்மா. கால்கள் இரண்டும் வீங்கிப் பளபளத்தன. வாங்க, உட்காருங்க என்று அவர் சொன்னதும் கொசு திடுக்கிட்டான். இந்தக் குரல் அவனுக்குத் தெரியும். முப்பது வருடம் இந்த ஊர் முழுவதற்கும் வண்டி எப்போது வரும் என்று சொன்ன குரல்.

அக்கா அவனைக் கீழே அனுப்பினார். “அவரோட வீட்டுக்கு ஃபோன் பண்ணு. முழுசா இருக்கார்னு சொல்லு.”

வடிவமைப்பாளர் தானாகவே பேச ஆரம்பித்தார். ஐந்து நாளாக ஒரே விஷயத்தைச் சொன்ன தொண்டை. பழைய செய்தித்தாள்களைக் காட்டினேன். என் நோட்டை வரி வரியாக மனப்பாடம் சொன்னேன். ஆம்புலன்ஸ் கூப்பிட்டேன், வந்தவர்கள் இவர் தெளிவாக இருப்பதைப் பார்த்து, வர விருப்பமில்லை என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கேட்டுக்கொள்கிறார், சரி என்கிறார், எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்.

“ஒரு எலியைப் பிடிக்க எழுதினேன் மேடம்,” என்றார். “இவங்க போயிட்டா, நான் எப்படி வீட்டுக்குப் போறது?”

அந்த அம்மா அவரைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தார்.

“இவர் வர்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும், பொய்னு. ரெண்டாயிரத்துப் பன்னிரண்டு டிசம்பர்ல நான் டியூட்டியில இருந்தேன். உலகம் அழியுதுன்னு பிளாட்ஃபார்ம் பூரா அதே பேச்சு. ரெண்டு வண்டி லேட், அவ்வளவுதான். அந்த வண்டி அப்பவே போயிடுச்சு.”

வடிவமைப்பாளர் தலையை நிமிர்த்தினார். ஐந்து நாளில் இதை அவர் கேட்டிருக்கவில்லை.

“தெரிஞ்சுமா?” என்றார் அக்கா.

“ஆறு வருஷமா அந்த மெஷின். வாரத்துக்கு ரெண்டு தடவை, நாலு நாலு மணி நேரம். வலின்னு சொல்ல மாட்டேன். அலுப்பு. முப்பது வருஷம் தாமதத்துக்கு வருந்துகிறோம்னு சொல்லியிருக்கேன். ஒரு வண்டியாவது சொன்ன நேரத்துக்கு வரட்டுமேன்னு தோணுச்சு.”

மகன் தூரத்தில் இருப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஃபோன் செய்வான் என்றும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தாமல், அறிவிப்புப் போலவே சொன்னார்:

“அம்மா எதையோ நம்பி ஏமாந்துட்டாங்கன்னா, அவன் அந்தக் கூட்டத்து மேல கோபப்படுவான், அந்தத் தாள் மேல கோபப்படுவான். தாங்கிக்குவான். அம்மாவுக்குப் போதும்னு ஆயிடுச்சுன்னு தெரிஞ்சா யார் மேல கோபப்படுவான்? அதுக்குத்தான் அந்தத் தாள் எனக்கு வேணும். அவன் வந்து பாக்குறப்ப தலைமாட்டுல இருக்கணும். இவர் வந்து முதல் வேலையா அதைக் கிழிச்சு பையில போட்டுக்கிட்டார்.”

கீழே ஒரு வண்டி நிலையத்துக்குள் நுழைந்து நின்றது. இருபத்திரண்டு வருடம் பொய்க் காரணங்களைப் படித்தவர் அக்கா. பணத்துக்காக எழுதியவை, பயத்தில் எழுதியவை. இப்படி ஒன்றை இதுவரை பார்த்ததில்லை. பழக்கத்தில் கண்கள் அறையைச் சுற்றின. மருந்துகள், மூடிய ஜன்னல், வெள்ளி இல்லாத காலண்டர். கதவருகே ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகும் கூடை. அதன் மேல் ஒரு போர்வையும், மெஷினில் படுக்கும்போது குளிருக்குப் போடும் காலுறைகளும். துவைத்து, ஜோடி சேர்த்து மடித்து வைத்திருந்தார்கள்.

“அதைத் துவைச்சது யாரு?” என்றார் அக்கா.

வடிவமைப்பாளர் தான் இல்லை என்று தலையாட்டினார்.

“நேத்து நான்தான்,” என்றார் அந்த அம்மா. “சும்மா கிடந்துச்சு.”

“அடுத்தது சனிக்கிழமைதானே உங்களுக்கு?”

அவர் காலுறைகளைப் பார்த்தார். யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனவற்றைப் பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்தார்.

“பழக்கம்,” என்றார். “கை தானா பண்ணுது.”

மாடிப்படியில் கொசுவின் செருப்புச் சத்தம் ஏறி வந்துகொண்டிருந்தது. அந்த அம்மா ஊசித் தழும்புகள் புடைத்த இடது கையை நீட்டினார். வடிவமைப்பாளரிடம் அல்ல, அக்காவிடம்.

“அவர் குடுக்க மாட்டார். அந்தப் பையில ஊர்ப்பட்ட வெள்ளிக்கிழமை இருக்கு. எனக்கு ஒண்ணே ஒண்ணு எடுத்துக் குடுங்கம்மா.”